மறைந்திருந்து குளிரூட்டும் கருவி



மருத்துவமனை, வங்கி முதலிய இடங்களில் கருவி கண்ணுக்குத் தெரியாமலே குளிர்காற்று வீசுவதை உணர்ந்திருப்பீர்கள். அதன் விளக்கத்தை இங்குத் தருகிறோம்.

உட்கருவி மேற்கூரைப் பலகைக்குமேல் மறைந்துள்ளது. அதன் விசிறி, அறைக் காற்றை வடிகட்டி வழியே இழுத்து, குளிர்ந்த சுருளின்மீது செலுத்தி, காற்றுக்குழாய்களின் மூலம் பல அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவே குளிரூட்டும் அமைப்பை வகுத்தார். நம் நாட்டிலும் ஈரமே பெரும்பகை. காற்றின் ஈரம் சுருளில் பட்டு நீராக வடியும். ஆதலின், வடிகுழாயைச் சரிவாகப் பொருத்துதல் வேண்டும். தவறின் கூரைப்பலகை நனைந்து பூஞ்சை படரும். காற்றுக்குழாய்களுக்கு வெப்பங்காக்கும் உறையும் இன்றியமையாதது. இன்றேல் அவையும் வியர்க்கும். குழாயின் நீளத்திற்கேற்ப விசிறியின் அழுத்தத்தை அமைக்காவிடில், கடைசி அறைக்குக் காற்று எட்டாது.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கருவியைத் திறத்தல் வேண்டும். வடிகட்டியைத் திங்கள்தோறும் கழுவி, உலர்த்திப் பொருத்துக. தூசி அடைத்தால் சுருளில் பனி உறையும்; மின்கட்டணமும் உயரும். குளிர்வாயு தேய்ந்து தீரும் பொருளன்று. அது குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் வாயு நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தொழிலைக் கற்பிக்கின்றன. சரிவை அளக்கவும் அழுத்தத்தைக் கணிக்கவும் வகுப்பறைக் கணக்கே அடிப்படை. மேற்படிப்புக்குச் செல்ல இயலாத பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டில் இருத்திவிடாமல், இத்தகைய தொழிற்கல்விக்கு அனுப்புமாறு அன்புடன் வேண்டுகிறோம்.