மணற்குழியினின்று மீளுதல்



விளையாட்டு என்றவுடன் ஓட்டமும் பாய்ச்சலும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. கோல்ப் என்னும் ஆட்டத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அசையாது கிடக்கும் சிறு பந்தை ஆட்டக்காரர் நின்று, நிதானித்து, தாமே அடிக்கிறார். அவரைத் தடுப்பார் எவரும் இலர். இதில் என்ன கடினம் இருக்கக்கூடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கேட்டேன். அதற்கு விடையாக நண்பர் ஒருவர் என்னை ஒரு மணற்குழிக்குள் இறக்கி, மட்டையைக் கையிற் கொடுத்தார். ஏழு முறை அடித்தேன். மணல் பறந்தது, பந்து மட்டும் குழியை விட்டு வெளியேறவில்லை. அன்று அவரிடம் கற்றதையும், பின்னர்ப் படித்து அறிந்ததையும் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். முழு ஆட்டம் 18 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் 108 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை உண்டு. குறைந்த அடிகளில் பந்தைத் துளைக்குள் சேர்ப்பவரே வல்லவர். துளையைச் சூழ்ந்து நன்கு கத்தரிக்கப்பட்ட புல்தளம் இருக்கும். அதனைக் 'கிரீன்' என்பர். அக்கிரீனை ஒட்டி, தவறி வரும் பந்தை விழுங்கக் காத்திருப்பவையே 'பங்க்கர்' எனப்படும் மணற்குழிகள். இவ்வாட்டம் வளர்ந்தது ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை மணல்வெளிகளில். கடற்காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிப் படுத்த பள்ளங்களே முதல் மணற்குழிகள் என்று கூறுவர். இன்று அவை திட்டமிட்டே அமைக்கப்படுகின்றன.

மணற்குழிக்குள் விதியும் கடுமையானது. அடிக்கும் முன்னர் மட்டையைப் பந்தை அடுத்த மணலில் ஊன்றுதல் ஆகாது. ஒத்திகை வீச்சிலும் மணலைத் தொடுதல் ஆகாது. தொட்டால் இரண்டு அடிகள் தண்டம். ஆகவே மணல் இறுகியதோ இளகியதோ என்பதைக் கையால் அறிய வழியில்லை, காலால் அறியலாம். உறுதியாக நிற்பதற்காகப் பாதங்களைச் சிறிது புதைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்போதே மணலின் தன்மை பாதங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி அடிக்கும் முறை. மற்ற இடங்களில் பந்தை அடிக்க வேண்டும். இங்கோ பந்தை அடித்தலாகாது! பந்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலை அடிக்க வேண்டும். மட்டை மணலுக்குள் நுழைந்து பந்தின் அடியாகச் சென்று மறுபுறம் வெளிவரும். அப்போது எழும் மணற்படலமே பந்தைச் சுமந்துகொண்டு வெளியே எறிகிறது. துளை பத்து அடி தூரத்தில் இருக்கிறதே என்று அஞ்சி மெல்ல அடிப்பவர் தோற்பார். மட்டையின் விசையில் பெரும்பகுதியை மணலே உண்டுவிடும். ஆதலின் அருகிலுள்ள துளைக்கும் நீண்ட வீச்சே வேண்டும். வீச்சை இடையில் நிறுத்துவது பெரும் பிழை. நான் ஏழு முறையும் செய்த பிழை இதுவே.

இதற்கென ஒரு தனி மட்டை உண்டு. பெயர் 'சாண்ட் வெட்ஜ்'. பழைய மட்டைகளின் கூரிய முன்விளிம்பு மண்வெட்டியைப் போல் மணலுக்குள் புதைந்து நின்றுவிடும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். விமானம் ஓட்டக் கற்றபோது, வால் தாழ மூக்கு உயர்வதைக் கண்டு இவ்வெண்ணம் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். மட்டையின் அடிப்புறத்தில் உலோகத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பினும் தாழ்ந்திருக்குமாறு செய்தார். அதனால் மட்டை மணலில் புதையாமல், நீரில் படகு செல்வது போல வழுக்கிச் சென்றது. 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரை அடுத்த பிரின்சஸ் மைதானத்தில் இம்மட்டையுடன் ஆடி, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார். இன்றைய சாண்ட் வெட்ஜின் வடிவுக்கு வழிவகுத்தது அம்மட்டையே.

எனினும் எல்லாப் பந்தும் மணலின் மேல் அழகாக அமர்ந்திருப்பதில்லை. பாதி புதைந்து, சுற்றிலும் மணல் வளையமிட்டுக் கிடப்பதும் உண்டு; அதனைப் 'பொரித்த முட்டை' என்று ஆட்டக்காரர் வேடிக்கையாக அழைப்பர். அந்நிலையில் வழுக்கும் மட்டை பயன்படாது. மட்டையின் முகத்தை நிமிர்த்தி, முன்விளிம்பு ஆழப் புகுமாறு அடிக்க வேண்டும். பந்து வெளியே வரும். ஆனால் தாழ வந்து நெடுந்தூரம் உருளும். மழையில் நனைந்து இறுகிய மணலோ மட்டையைத் துள்ளச் செய்து பந்தின் மேல் மோதவைக்கும். அங்கு மட்டையின் முகத்தை அதிகம் விரித்தல் தகாது. மேல்நோக்கிய சரிவில் பந்து உயர எழுந்து அருகிலேயே விழும். கீழ்நோக்கிய சரிவில் தாழப் பறந்து ஓடும். இவ்விரு நிலைகளிலும் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

குழியின் சுவரை ஒட்டிப் பந்து கிடப்பின் யாது செய்வது? இங்குத்தான் கைத்திறன் முடிந்து அறிவு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 17ஆம் கட்டத்துக் கிரீனை ஒட்டிப் புகழ்பெற்ற மணற்குழி ஒன்று உண்டு. அதன் சுவர், புற்கட்டிகளை அடுக்கிச் செங்குத்தாக எழுப்பப்பட்டது. 1978ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில், ஜப்பானியர் நகாஜிமா இரண்டே அடிகளில் அக்கிரீனை அடைந்தார். மூன்றாவதாகத் துளையை நோக்கி உருட்டிய பந்து சரிவில் திரும்பி அக்குழிக்குள் விழுந்தது. வெளியேற நான்கு அடிகள் ஆயின. நான்கில் முடிய வேண்டிய கட்டம் ஒன்பதில் முடிந்தது. வெற்றி வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

இத்தகைய இடங்களில் துளையை மறந்துவிடு என்பது அறிந்தோர் அறிவுரை. பக்கவாட்டில் வழியிருந்தால் பக்கவாட்டில் அடி. பின்புறம் வழியிருந்தால் பின்னோக்கி அடி. ஓர் அடியைத் தண்டமாக ஏற்று, முன்பு அடித்த இடத்திற்கே திரும்பலாம். 2019 முதல், இரண்டு அடிகளைத் தண்டமாக ஏற்றுக் குழிக்கு வெளியே, பின்புறத்தில் பந்தை வைத்து ஆடவும் விதி உண்டு. முதற்கடமை வெளியேறுதல், துளையைப் பற்றிய நினைவு அதற்குப் பின்னரே. தேர்வில் ஒரே கணக்கோடு மல்லாடி மற்ற வினாக்களைக் கைவிட்ட நல்ல மாணவர் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. பின்வாங்குதலும் ஒரு வழியே என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லத் தவறியதுண்டு.

இறுதியாக ஒரு வரலாறு. 1921ஆம் ஆண்டு அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், 19 வயது அமெரிக்க இளைஞர் பாபி ஜோன்ஸ் ஆடினார். மூன்றாம் சுற்றின் தொடக்கமே சரியாக அமையவில்லை. 11ஆம் கட்டத்தில் பந்து மணற்குழிக்குள் விழுந்தது. அடித்தும் அடித்தும் வெளிவரவில்லை. சினம் மிகுந்தது, போட்டியையே கைவிட்டார். அச்செயலுக்காக அவர் பின்னர்ப் பெரிதும் வருந்தினார். ஆனால் அத்துடன் அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1927இல் அதே மைதானத்திற்கு வந்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களைப் பெற்றார்; அவற்றுள் முதலாவது செயின்ட் ஆண்ட்ரூசிலேயே கிடைத்தது. 1958இல் அந்நகரத்தாரே அவருக்கு நகர உரிமை வழங்கிப் போற்றினர். அவரை வென்றது மணற்குழி அன்று, சினமே. அதனை அவர் உணர்ந்து திருத்திக்கொண்டார்.

மாணவர்களே, மணற்குழியினின்று வெளியேறியபின் ஆட்டக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அருகிலுள்ள வாரியை எடுத்துத் தம் காலடித் தடங்களையும் மட்டை பறித்த பள்ளத்தையும் சமன் செய்துவிட்டே செல்ல வேண்டும். தமக்குப் பின் அங்கு வந்து விழுபவர் தம் தடத்தில் சிக்கலாகாது என்பதே கருத்து. துளையில் பந்து விழுமுன், எத்துணை அவசரமாயினும், இதைச் செய்துவிட்டு நடப்பவரையே நல்ல ஆட்டக்காரர் என்பர்.