நீருக்கடியில் ஹொக்கி: மூச்சை முறைவைத்துக் காவல்

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். மறிப்பவர் தன் கோட்டை விட்டு ஓடினால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். இதே பாடத்தை நீச்சல் தடாகத்தின் அடியில் சொல்லித்தரும் விளையாட்டு ஒன்று இந்த நாட்டிலேயே பிறந்தது.

1954ஆம் ஆண்டு போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்சீயில் அலன் பிளேக் என்பவரும் அவருடைய சுழியோடிக் கழகத்தாரும் இதைத் தொடக்கினார்கள். இங்கே ஒக்டோபுஷ் என்றும் சொல்வார்கள். முதலாவது உலகப் போட்டி 1980இல் கனடாவின் வான்கூவரில் நடந்தது.

ஒவ்வோர் அணியிலும் ஆறு பேர் நீரில் இருப்பார்கள். சுமார் 1.3 கிலோ நிறையுள்ள ஈய வட்டு ஒன்றைச் சிறிய தடியால் தடாகத்தின் தரையோடு தள்ளி, 3 மீற்றர் அகலமான கோலுக்குள் சேர்க்க வேண்டும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் உண்டு. காற்றுச் சிலிண்டர் இல்லை. கோல் காப்பாளரும் இல்லை. அப்படியானால் கோலைக் காப்பது எப்படி?

முதலாவது, எல்லோரும் ஒன்றாகச் சுழியோடக் கூடாது. ஒருவர் அடியில் வட்டை மறிக்கும்போது, இன்னொருவர் மேலே மிதந்தபடி மூச்செடுத்துக்கொண்டு கீழே பார்த்திருப்பார். முதலாமவர் எழும்பத் தொடங்குமுன் இவர் இறங்கிவிட வேண்டும். நீருக்கடியில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே இந்த ஒழுங்கு பயிற்சியில்தான் வரும்.

இரண்டாவது, நடுவை அடைத்து, எதிராளியைச் சுவரோரமாக ஒதுக்க வேண்டும். பிடிப்பதும் தள்ளுவதும் தவறு. நிற்கும் இடமும் தடியுமே ஆயுதம். சுவரோரம் போனவருக்குத் திரும்ப ஒரு பக்கம்தான் மிச்சம். அவருடைய மூச்சும் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாவது, கடைசிக் காவலர் வட்டைத் துரத்திப் போகாமல் கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

கணக்காளர் மொழியில் சொன்னால், கையிருப்பு முழுவதும் தீருமுன் மேலே வந்துவிட வேண்டும். மூச்சு முடியும்வரை அடியில் நிற்பவர் அடுத்த முறை பிந்தித்தான் இறங்குவார். அந்த இடைவெளியில் கோல் விழும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தடாகத்தில் யார் கூடுதல் நேரம் மூச்சை அடக்குவது என்று பிள்ளைகள் பந்தயம் பிடிப்பதுண்டு. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருமுன்னரே மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தை விடச் சொல்லுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பயிற்றுநர் உள்ள கழகத்தில் சேர்த்துவிடுங்கள்.