மீன் புண்ணும் கடற்பாசி மருந்தும்

மாரி மழையின் பின் குளத்து நீர் குளிர்ந்திருக்கும் நாட்களில் வளர்ப்பு மீன்கள் கரையோரம் சோர்ந்து மிதந்தால், ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல வெண்படலம் இருந்தால் அது பெரும்பாலும் சப்ரொலெக்னியா என்னும் பங்கசு. வலை உரசிய காயத்தில் அது பற்றிக்கொள்ளும். சிவந்த புள்ளி தொடங்கி, தசை தெரியுமளவுக்குப் புண் ஆழ்ந்திருந்தால் அபனோமைசிஸ் என்னும் மற்றொன்றைச் சந்தேகிக்க வேண்டும். 1980களின் இறுதியில் இலங்கையின் நன்னீர் மீன்களிடையே பரவிய புண்நோய் இதுதான். விரால், ரோகு, கட்லா ஆகியன இதற்கு எளிதில் இரையாகும். திலாப்பியா பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். ஒலுவில், பாலமுனைப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து, கடன்பட்டுச் சிறு குளம் வெட்டிய குடும்பத்துக்குக் குஞ்சு வாங்கும்போதே இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

முன்னர் இதற்கு மலகைற்றுப் பச்சை என்ற சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். அதன் எச்சம் மீன் தசையில் நெடுநாள் தங்கும். புற்றுநோய் அச்சமும் உண்டு. உணவு மீனுக்கு அதைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இதற்கு மாற்றாக இப்போது பேசப்படுவதே கடற்பாசி நனோ துணிக்கை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். இத்துணிக்கைகள் அத்தகைய சில பத்துக் கூறுகளின் பருமன் கொண்டவை. காய்ந்த பாசியை அவித்து வடித்த சாற்றில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சேர்த்தால் நிறம் கபிலமாக மாறும். பாசியிலுள்ள பொருட்கள் கரைந்திருந்த வெள்ளியை நுண்துணிக்கையாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் போர்த்துவிடுகின்றன. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் சர்காசம் வைட்டி என்ற கபிலப் பாசியைக் கொண்டு பொன் துணிக்கையையும், பின்னர் வெள்ளித் துணிக்கையையும் ஆக்கினார்கள். வெள்ளி, பங்கசின் கலச்சுவரையும் மென்சவ்வையும் சிதைக்கும்.

ஆய்வுகூடத் தட்டில் பங்கசு அழிவது ஒன்று, குளத்தில் மீன் பிழைப்பது வேறு. அளவு மிஞ்சினால் வெள்ளி மீனின் பூவையே தாக்கும். நீரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களும் சாகும். ஆகவே யாராவது போத்தலில் கொண்டுவந்து விற்றால் வாங்க வேண்டாம். கரையில் ஒதுங்கும் பாசியை அவித்து ஊற்றுவதும் இந்த மருந்து ஆகாது. அது குளத்தில் அழுகி ஒட்சிசனைக் குடித்துவிடும்.

கைக்கெட்டிய மருந்து கறியுப்புத்தான். 10 லீற்றர் குளத்து நீருக்கு 100 கிராம் உப்பைக் கரைத்து, பஞ்சுப் படலமுள்ள மீனை 10 நிமிடம் விடுங்கள். அது சரிந்தால் உடனே நல்ல நீருக்கு மாற்றுங்கள். ஆழ்ந்த புண்ணுக்கு உப்புப் போதாது. அந்த மீனை அகற்றிப் புதையுங்கள். அறுவடை முடிந்ததும் குளத்தை வற்றவைத்துக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். நோய்க் குளத்து வலையை வெயிலில் நன்கு உலர்த்தாமல் அயலவருக்கு இரவல் கொடுக்காதீர்கள்.