குமிழி காட்டும் வழி

தம்பி தங்கைகளே, கனடாவில் டொராண்டோ நகரிலும் அதைச் சுற்றியும் உள்ள மார்க்கம், ஸ்கார்பரோ, பிராம்ப்டன் ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடங்கள். உங்களில் சிலருக்கு அங்கே சித்தப்பாவோ அத்தையோ இருக்கலாம். அந்தப் பக்கத்தில் சில வீடுகளின் பின்புறத்தில் சொந்த நீச்சல் குளம் உண்டு. மே மாதம் திறக்கும் குளத்தை, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ மூடிவிடுவார்கள். அடுத்த மே வரை யாரும் இறங்க மாட்டார்கள். குளிர்கால இரவுகளில் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும்.

ஒரு கற்பனை செய்து பார்ப்போமா? உங்கள் வீட்டார் அங்கே பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அக்டோபர் மாதம் குடிபோகிறீர்கள். பின்புறம் அழகான குளம். அதைக் கட்டியவர் யாரென்று தெரியாது. முன்பு இருந்தவர்கள் சாவியைத் தந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று குறித்து வைத்த தாள் எதுவும் இல்லை. பனிக்காலம் வருவதற்குள் இந்தக் குளத்தை மூட வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

குளத்தின்மேல் விரிக்கும் தார்ப்பாயிலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் குளத்துக்கு ஆபத்து நம் கண்ணெதிரே பரந்து கிடக்கும் தண்ணீரால் வருவது குறைவு. மண்ணுக்குள் புதைந்த குழாய்களில் ஒளிந்திருக்கிறதே, அந்தக் கொஞ்சம் தண்ணீரால்தான் பெரும் சேதம் வரும். ஏன் என்று பார்ப்போம்.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கிக்கொண்டே வரும். அதற்கும் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்கும். 0 டிகிரியில் பனிக்கட்டியாக மாறும்போது சுமார் 9 விழுக்காடு பெரிதாகும். 100 மில்லிலிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 109 மில்லிலிட்டர் இடம் கேட்கும். தண்ணீராக இருக்கும்போது மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடியாடுகின்றன. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு மட்டும் கைகோத்து, அறுகோண வடிவில் வரிசைகட்டி நிற்கிறது. அந்த அறுகோணங்களின் நடுவில் வெற்றிடம் விழுந்துவிடுகிறது. அதனால்தான் பனிக்கட்டிக்குக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. தண்ணீரைவிட இலேசாகி, தண்ணீரிலேயே மிதக்கவும் செய்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் பனிக்கட்டி அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும். கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் செய்துபார்க்க வேண்டாம். உடைந்து சிதறும்.

திறந்த தம்ளரில் பனி மேல்நோக்கி வளர்ந்துகொள்ளும். எல்லாப் பக்கமும் மூடியிருந்தால் என்ன ஆகும்? கனடாவின் கியூபெக் நகரிலேயே ஒருவர் இதைச் சோதித்தார். 1784-85 குளிர்காலத்தில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி, உள்ளே வெறுமையான இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பினார். வாயில் இரும்பு அடைப்பானை அடித்து இறுக்கினார். குளிரில் வெளியே வைத்துவிட்டார். தண்ணீர் உறைந்தபோது அடைப்பான் பிய்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான அடி தூரம் பறந்து விழுந்தது. அடைப்பான் அசையாமல் நின்ற இடத்தில் குண்டே பிளந்தது. வெடிமருந்து ஒரு துளி இல்லை. வெறும் தண்ணீர்!

இறுக அடைபட்ட தண்ணீர், சுழியத்துக்குக் கீழே 22 டிகிரி வரை குளிரும்போது, ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தம் வரை கொடுக்கக்கூடியது. குளத்துக்குப் போடும் பிவிசி குழாய்கள் அதில் நூறில் ஒரு பங்கு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. டொராண்டோ பக்கத்தில் வீடு கட்டுபவர்கள் அடித்தளத்தை 1.2 மீட்டருக்குக் குறையாமல் இறக்குவார்கள். அந்த ஆழம் வரை மண் உறையலாம் என்பது அவர்கள் கணக்கு. குளத்துக் குழாய்களில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் ஓடுகிறது. குளிர்காலத்தில் வெடித்த குழாயை அப்போது யாரும் பார்க்க முடியாது. வசந்தத்தில் பம்பைப் போடும்போது தண்ணீர் மண்ணுக்குள் ஓடி மறையும். பிறகு தரையைப் பெயர்த்துத்தான் தேட வேண்டும்.

அப்படியானால் முழுக் குளத்தையும் காலி செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 75,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதன் எடை 75 டன். இந்த எடைதான் குளத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. இலையுதிர்கால மழையில் சுற்றியுள்ள மண் ஊறிப்போய் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால், ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே மிதப்பு விசை குளத்தின் தொட்டியைக் கீழிருந்து தூக்கும். காலியான குளம் மண்ணிலிருந்து எழும்பிவிடும்! ஃபைபர் கண்ணாடித் தொட்டிகள் எளிதில் எழும்பும். கான்கிரீட் தொட்டிகளும் விரிசல் விட்டு எழும்பியதுண்டு. உள்ளே வினைல் விரிப்புப் போட்ட குளத்தில் விரிப்பு சுருங்கிக் கிழியும்.

ஆகவே தண்ணீர் குளத்திலேயே இருக்கட்டும். அது உறைந்தாலும் மேலே திறந்த வெளி இருக்கிறது. மேற்பரப்பில் பனித்தகடு உருவாகிக் கீழ்நோக்கித் தடிக்கும், விரிவதற்கு ஏற்ப மேலே எழும்பிக்கொள்ளும். 4 டிகிரித் தண்ணீர்தான் மிகவும் கனமானது அல்லவா? அது அடியில் போய்த் தங்கிவிடும். பனித்தகடு போர்வையாக மூடிக்கொள்வதால் அடித்தண்ணீர் குளிர்காலம் முழுவதும் உறைவதில்லை. வட நாட்டு ஏரிகளில் மீன்கள் பிழைத்திருப்பதும் இதனால்தான்.

இனிமேல்தான் துப்பறியும் வேலை. தெரியாத குளத்தில் முதலில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். குளத்தின் படத்தை வரைந்து, எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். நீர்மட்டத்தில் சுவரோரமாக ஒரு செவ்வக வாய் தெரியும். அதுதான் ஸ்கிம்மர். மிதக்கும் இலை தழைகளை இழுத்துக்கொள்ளும் வாய் அது. சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வட்டமான சிறு வாய்கள் இருக்கும். வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பிவரும் வழிகள் அவை. ஆழமான பக்கத்தில் தரையில் ஒரு சல்லடை மூடி தெரியும். அது அடிவடிகால். படிக்கட்டில் தனியாக வாய் இருக்கலாம். சறுக்குப் பலகைக்கோ சிறு அருவிக்கோ தண்ணீர் போகும் மெல்லிய குழாய் ஒன்று புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். தெரியாத குளத்தில் இந்த மாதிரி மறந்துபோன சின்னக் குழாய்தான் வசந்தத்தில் வெடித்துக் கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை. பம்ப் ஓடும்போது அடிவடிகால் பக்கம் கையோ தலைமுடியோ போகக்கூடாது. அந்த உறிஞ்சும் விசை ஆளையே பிடித்து வைத்துவிடும். இதற்காகவே அமெரிக்காவில் 2007-இல், பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். கரையில் நின்று பார்த்தே வரையுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குளத்தருகே போகாதீர்கள்.

அடுத்து பம்ப் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பம்பின் முன்புறத்தில் கண்ணாடி போன்ற மூடியும் உள்ளே ஒரு கூடையும் இருக்கும். அந்தப் பக்கம் நுழையும் குழாய்கள் குளத்திலிருந்து உறிஞ்சி வருபவை. பம்பின் மேலே கிளம்பும் குழாய் வடிகட்டிக்கும், ஹீட்டர் இருந்தால் அதற்கும் போய், பிறகு குளத்துக்குத் திரும்புகிறது. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். குளத்தில் உறிஞ்சும் வாய்கள் மூன்று, ஆனால் மண்ணிலிருந்து பம்புக்கு வரும் குழாய்கள் இரண்டுதான் என்றால்? எங்கோ மண்ணுக்குள் இரண்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பழைய குளங்கள் சிலவற்றில் அடிவடிகால் குழாய் நேரே பம்புக்கு வராமல் ஸ்கிம்மரின் அடியில் வந்து சேரும். ஸ்கிம்மருக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் இரண்டு துளைகள் தெரியும். ஒன்று பம்புக்கு, மற்றது வடிகாலுக்கு. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி எந்த வாயில் ஓட்டம் நிற்கிறது என்று பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பம்ப் ஓடும்போது எல்லா வால்வுகளையும் சேர்த்து மூடிவிடக் கூடாது. கண்டுபிடித்ததை அப்போதே ஒரு சீட்டில் எழுதி அந்த வால்விலேயே கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வரைந்தபின் பெரியவர்கள் பம்பை நிறுத்தி, குளத்தின் நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறக்குவார்கள். பிறகு குழாய்களுக்குள் காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். இதற்குக் கம்ப்ரசரோ, காற்றை வெளியே தள்ளும் வகை வேக்கும் கிளீனரோ பயன்படும். காற்று நிறையப் போக வேண்டும், அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இரண்டரை மீட்டர் ஆழத்திலுள்ள வடிகாலில் தண்ணீரைத் தள்ளக் கால் வளிமண்டலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் வடிகட்டியோ குழாயோ அப்போதே வெடிக்கும். அதனால் இது முழுக்க முழுக்கப் பெரியவர்கள் வேலை.

உங்கள் வேலை குமிழிகளைக் கவனிப்பது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு குழாயில் காற்றைச் செலுத்தியதும் குளத்தில் எங்கே குமிழி கிளம்புகிறதோ, அந்த வாயும் இந்தக் குழாயும் சொந்தக்காரர்கள். உங்கள் படத்தில் ஒரு கோடு இழுத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். திரும்புவழி வாய்கள் பல ஒரே குழாயில் இருந்தால், முதலில் ஒன்றில் குமிழி பொங்கும். குமிழி வந்துகொண்டிருக்கும்போதே அதில் ரப்பர் அடைப்பானைத் திருகி இறுக்க வேண்டும். காற்றை நிறுத்திவிட்டு அடைத்தால் குளத்துத் தண்ணீர் மறுபடி உள்ளே புகுந்துவிடும். முதல் வாய் அடைபட்டதும் காற்று அடுத்த வாயைத் தேடிப் போகும். எல்லா வாய்களையும் அடைத்த பிறகும் எங்கோ ‘புஸ்’ என்று சத்தமோ குமிழியோ வந்தால், உங்கள் படத்தில் இல்லாத ஓர் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

அடிவடிகாலை அடைக்க யாரும் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வேண்டியதில்லை. அந்தக் குழாயில் ஊதிக்கொண்டே இருந்து, ஆழத்திலிருந்து பெரிய குமிழிகள் பொங்கி வரும்போது பம்ப் பக்கமுள்ள வால்வைச் சட்டென்று மூடிவிடுவார்கள். காற்று குழாய்க்குள் சிறைப்பட்டுவிடும். காலி தம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே தண்ணீர் ஏறாது அல்லவா? அதே கதைதான். வடிகால் வாயருகே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆழத்தில் இருப்பதால் உறையாது.

பம்பின் அடியிலும் வடிகட்டியிலும் ஹீட்டரிலும் சிறு வடிகால் மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்து தண்ணீரை வழியவிட வேண்டும். கழற்றிய மூடிகளைப் பம்பின் கூடைக்குள் போட்டு வைத்தால் தொலையாது. ஸ்கிம்மருக்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைச் செருகி வைப்பார்கள். மழையும் பனியும் சேர்ந்து அங்கே தண்ணீர் தேங்கி உறைந்தாலும் பாட்டில் நசுங்கி இடம் கொடுக்கும், ஸ்கிம்மர் பிழைக்கும். எந்தக் குழாயாவது முழுசாகக் காலியானதா என்று சந்தேகம் இருந்தால் அதில் உறையாத் திரவம் ஊற்றுவதுண்டு. குளத்துக்கென்று விற்கும் புரோப்பிலின் கிளைக்கால் கலந்ததைத்தான் ஊற்ற வேண்டும். கார்களில் ஊற்றும் எத்திலின் கிளைக்கால் நஞ்சு.

குளோரின் போன்ற மருந்துகளைப் போடுவது, தார்ப்பாய் விரித்துக் கட்டுவது எல்லாம் எந்தக் குளத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு மூடினால் பாசி குறைவாகவே வளரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தார்ப்பாய்மேல் ஒருபோதும் நடக்காதீர்கள், உறைந்த குளத்தின்மேலும்தான். பனித்தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நீங்கள் வரைந்த படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, பம்ப் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எத்தனை வாய்களை அடைத்தீர்கள் என்ற எண்ணிக்கையைப் பெரிதாக எழுதுங்கள். மே மாதம் குளத்தைத் திறக்கும்போது ஏழு அடைப்பான் என்று எழுதியிருந்து ஆறுதான் கையில் இருந்தால், ஏழாவது கிடைக்கும் வரை பம்பைப் போடவிடாதீர்கள்.