திரைக்குப் பின்னால் எடுக்கும் மூச்சு

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டத்துச் சமவெளியில் இறங்கிப் பாலாற்றைத் தேடிப் போகிறது. அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய வட்டத்தில்தான் புரிசை இருக்கிறது. தெருக்கூத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஊரையும் அதன் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானையும் தாண்டிப் போக முடியாது. 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நடிகர்களுக்கான பாடத்தை இந்தக் கூத்தில்தான் தேடினார். நடிகர்களுக்கு மட்டுமா அந்தப் பாடம்? மைக்கைக் கையில் கொடுத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் அந்த நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கலாம். பலர் பார்வையும் நம்மேல் விழும்போது உடல் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, எச்சில் குறைகிறது. மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. குரல்வளைத் தசைகள் இறுகுவதால் குரலும் மேலே ஏறிக் கீச்சிடுகிறது. 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்க ஒரு வழி கண்டார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத சிலர் முன் ஒருவரை நிறுத்திப் பேசச் சொல்வது, பிறகு மனக்கணக்குப் போடச் சொல்வது. அவ்வளவுதான். கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. பாம்பும் புலியும் தேவைப்படவில்லை. அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் கையாளும் முறை அது.

ஆக, நடுக்கம் உடலில் நடக்கிறது. "தைரியமாப் பேசுப்பா" என்று தட்டிக்கொடுப்பதால் அது போகாது. கூத்துக்காரர்கள் இதை உடலின் வழியாகவே சமாளிக்கிறார்கள்.

கூத்தில் வேடக்காரர் நேராகக் களத்துக்கு வந்துவிடுவதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் நின்று அவர் பாடத் தொடங்குவார். கூட்டத்துக்குத் தெரிவது கிரீடத்தின் மேல்பகுதியும் சலங்கை கட்டிய கால்களும்தான். பார்க்கிறவர்களின் ஆவலைத் தூண்டத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். சரிதான். ஆனால் திரைக்கு உள்ளே இருப்பவருக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது.

மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. வேகஸ் நரம்பின் வேலை இது. சும்மா இருக்கும்போது வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்றே நீளம். பாடும்போது அப்படியில்லை. சட்டென்று ஒரு உள்மூச்சு, பிறகு அடிமுழுக்க நீளும் வெளிமூச்சு. கூட்டத்தின் கண்ணில் முழுதாகப் படுவதற்கு முன்பே வேடக்காரர் பல அடிகளை இப்படிப் பாடி முடித்திருப்பார். யோகா வகுப்பில் காசு கொடுத்துக் கற்கும் நீண்ட வெளிமூச்சுப் பயிற்சி அவருக்கு ஆட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. மேடையேறும் முன் ஓரமாக நின்று ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொள்ள நமக்கும் யார் தடை?

அந்த நுழைவுப் பாட்டில் இன்னொரு விநோதம் உண்டு. வேடக்காரர் "நான் வந்தேன்" என்று பாடுவதில்லை. துரியோதனன் வேடம் போட்டவர், துரியோதனன் இப்படி வந்தான், அவன் பெருமை இன்னது என்று வேறு யாரையோ சொல்வதுபோலத் தன்னையே சொல்வார். உளவியலாளர் ஈத்தன் க்ராஸும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பேசப்போகிற சிலரிடம், மனத்துக்குள் "நான்" என்று யோசிக்காமல் தங்களைப் பெயர் சொல்லி அழைத்து யோசிக்கச் சொன்னார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, பேச்சும் மேம்பட்டது. தன்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றால் பயத்தின் பிடி தளர்கிறது போலும். கூத்து வாத்தியார்கள் ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை, ஆனால் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் பாடவைத்தார்கள்.

களத்துக்கு வந்ததும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் காத்திருப்பான். "யாரய்யா நீர், எந்த தேசம்?" என்கிற பாணியில் அரசனையே மடக்குவான். அவன் கேட்பதெல்லாம் கூட்டம் கேட்க நினைப்பதுதான். நம் மேடைகளில் இந்தக் கட்டியங்காரன் இல்லாததுதான் பெரிய குறை என்பேன். நாற்பது நிமிடம் பேசிவிட்டு, கேட்டவர் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியைக்கூடத் தொடாமல் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! உரையைத் தயாரிக்கும்போதே பத்திக்குப் பத்தி "அதுக்கென்ன இப்போ?" என்று கேட்கும் ஒருவனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டால் பாதி உரை தானாகக் கழன்றுவிடும்.

இனி, குரல். ஒருவர் சாதாரணமாகப் பேசினால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். 32 மீட்டரில் மிஞ்சுவது 30. அது கிசுகிசுப்பின் அளவு. மைக் வருவதற்கு முன்பு, விடியவிடிய, பாயில் படுத்திருக்கும் கடைசி ஆள்வரை குரலைக் கொண்டுபோனது எப்படி? கத்தி அல்ல. கத்தினால் நள்ளிரவுக்குள் தொண்டை கட்டிவிடும்.

நம் காது எல்லாச் சுருதியையும் ஒன்றுபோலக் கேட்பதில்லை. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை அது மிகக் கூர்மையாகப் பிடிக்கும். காதுத் துளையின் நீளம் அப்படி. ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெரி, 1970களில் ஆப்பெராப் பாடகர்களை ஆராய்ந்து, அவர்கள் குரலின் ஆற்றலை 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குவிக்கிறார்கள் என்று காட்டினார். பெரிய வாத்தியக் குழுவின் ஓசை வலுவாக இருப்பது 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். அதனால் குரல் அதற்குள் மூழ்காமல் மேலே தெரிகிறது. முகவீணையையும் மத்தளத்தையும் கிழித்துக்கொண்டு வரும் கூத்துக் குரலைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

பேச்சாளர் அப்படிப் பாட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் உயிரொலிகள்தான் பெருகுகின்றன. சொல்லை அடையாளம் காட்டும் மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. இரைச்சல் கூடும், தெளிவு கூடாது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வினைமுற்று கடைசியில் வருகிறது. வந்தாரா, வரவில்லையா என்பது வாக்கியம் முடிகிற இடத்தில்தான் தெரியும். மூச்சு தீர்ந்துபோவதும் அதே இடத்தில்தான். மைக் இருந்தும் நம் பேச்சாளர்கள் விழுங்குவது அந்தக் கடைசி அசைகளைத்தான். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் வேடக்காரர் மூச்சு வாங்குவார். பாடியதையே வசனமாகவும் சொல்வார், கண்ணயர்ந்தவனுக்கும் கதை விட்டுப்போகாது. பின்பாட்டு இல்லாத நமக்கு அந்த இடத்தில் இருப்பது மௌனம். வாக்கியத்தை முடித்து, வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சு.

சந்தையில் விற்கும் சில சரக்குகளை வாங்காதிருப்பதும் நல்லது. கைகால்களை விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015இல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாறவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்தார். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் இடம் என்பதும் அப்படித்தான். ஆல்பர்ட் மெக்ராபியன் 1967இல் ஆராய்ந்தது தனிச்சொற்களில் தொனிக்கும் விருப்பு வெறுப்புகளை. மேடைப் பேச்சை அல்ல.

தமிழகத்தில் நாடக மேடையும் பேச்சு மேடையும் பங்காளிகள். அண்ணா தாமே எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக நடித்தவர். அந்த மரபில் வந்த நாம், பள்ளிப் பேச்சுப் போட்டியில் என்ன செய்கிறோம்? யாரோ எழுதியதை மனப்பாடம் செய்வித்து, "மலை" என்றால் கையை உயர்த்து, "மனம்" என்றால் நெஞ்சைத் தொடு என்று பழக்குகிறோம். எந்தக் கூத்து வாத்தியாரும் இதை நடிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேறு வழி இல்லாமலில்லை. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஏட்டுப் படிப்போடு கூத்தையும் சேர்த்து, பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கும், கீழே போளூர், செங்கம் பக்கத்து ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுப் போட்டிக்கு முன், பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரை இரண்டு நாள் பள்ளிக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு மூச்சையும் நடையையும் கட்டியங்காரனின் கேள்வியையும் அவர் கற்றுக்கொடுக்கட்டும். பொன்னாடையோடு அனுப்பிவிடாமல், ஆட்டத்துக்கு உரிய சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள்.