14 மணி நேரம் ஓயாத இடிமழை

2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சீடர் ராபிட்ஸ் நகரில் மதியச் சாப்பாட்டு நேரம். மேற்கே வானம் கறுத்தது. அதன் பிறகு முக்கால் மணி நேரத்துக்குக் காற்று அடங்கவே இல்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையும் சில சுவர்களும் பிய்ந்துபோயிருந்த விதத்தைப் பார்த்த வானிலை ஆய்வாளர்கள், அங்கே காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும் என்று கணித்தார்கள். கடும் புயல் கரையேறும்போது வீசுகிற வேகம் அது. அந்த ஊரிலிருந்து கடலோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

காலையில் தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா எல்லைப் பக்கம் கிளம்பிய அந்த இடிமழை, 14 மணி நேரத்தில் சுமார் 1,240 கிலோமீட்டர் ஓடி ஒஹாயோவில்தான் அடங்கியது. சேதம் ஏறக்குறைய 1,100 கோடி டாலர். இந்த வகை இடிமழைக்கு டெரேச்சோ என்று பெயர். 1888இல் அந்தப் பெயரை வைத்த குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸும் அயோவாவில் பேராசிரியராக இருந்தவர்தான்.

சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிது. வெக்கையும் ஈரமுமான காற்று மேலே ஏறினால் மேகம் வளரும். மழை விழும்போது துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனம். அது கீழே இறங்கிப் பரவி, மேகத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சூடான காற்றின் வழியை அடைத்துவிடும். தன் மழையாலேயே மேகம் சாகிறது.

பல மேகங்கள் கூடிவிட்டால் கதை வேறு. அவற்றின் குளிர்காற்றெல்லாம் ஒன்றுசேர்ந்து தரையோடு தேங்கி, முன்னே நகரும். மண்ணைப் புரட்டும் ஏர்க்கொழுபோல அதன் விளிம்பு, எதிரே கிடக்கும் சூடான காற்றை அடியில் நெம்பி மேலே தள்ளும். அங்கே புது மேகம் எழும். பின்னால் பழையது கரையும். ஆக, அயோவாவை அடித்த மேகங்கள் வேறு, ஒஹாயோ வரை போனவை வேறு. நடுவே எத்தனையோ தலைமுறை கழிந்திருக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு: உயரே போகப்போகக் காற்றின் வேகம் கூட வேண்டும். கூடாவிட்டால் குளிர்காற்று மேகங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். எல்லாம் வாய்த்தால், பின்புறமிருந்து ஒரு காற்று உள்ளே பாய்ந்து, மழையில் குளிர்ந்து, தரையில் வந்து அறையும். ரேடாரில் மேகவரிசை வில்லாக வளைவது அப்போதுதான். சிகாகோ பேராசிரியர் டெட் ஃபுஜிட்டா 1970களில் விளக்கிய வில் இது.

அயோவாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம் படுத்துவிட்டது. கோடையில் அந்த வட்டாரக் காற்றில் ஏறும் ஈரத்தில் சோளப்பயிர் விடும் நீராவிக்கும் பங்குண்டு என்பது கசப்பான வேடிக்கை. அன்று காலை முன்னறிவிப்பில் இவ்வளவு பெரிய அபாயம் சொல்லப்படவில்லை. மேகக்கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகே எச்சரிக்கை படிப்படியாகக் கூடியது.

மேகவரிசைக்குப் பின்னால், தூறல் மட்டும் போடும் பரந்த மேகப்படலத்தையும் லேசாக எண்ணக்கூடாது. மின்னல்கள் அதற்குள் படுக்கைவாக்கில் நெடுந்தூரம் ஓடும். 2017 அக்டோபர் 22 அன்று கிழக்கு டெக்சாஸிலிருந்து கான்சாஸ் சிட்டி பக்கம் வரை ஓடிய ஒரே மின்னலின் நீளம் 829 கிலோமீட்டர். அதை உலகச் சாதனையாக உலக வானிலை அமைப்பு 2025இல் அறிவித்தது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகும் 30 நிமிடம் வெளியே வராதீர்கள் என்று அமெரிக்க வானிலைத் துறை சொல்வது இதையும் சேர்த்துத்தான்.