தொடரும் கதையும் திரும்பும் கதையும்

படமாளிகையில் விளக்குகள் மீண்டும் எரிந்து, மக்கள் எழுந்து வாயிலை நோக்கி நடக்கும் வேளையில், நம் காதில் அடிக்கடி விழும் ஒரு தீர்ப்பு உண்டு. "முதற் படத்துக்கு இது கிட்டவும் வராது" என்பதே அது. 1996இல் வெளிவந்த 'இந்தியன்' என்னும் படத்துக்கு 2024இல் இரண்டாம் பாகம் வந்தது. 2010இல் வந்த 'எந்திரன்' 2018இல் '2.0' ஆகத் தொடர்ந்தது. இவ்வாறு ஒரு படத்தின் கதையை இன்னொரு படம் எடுத்துச் செல்லும் வழக்கம் இன்று பெருகியிருக்கின்றது. ஆதலின், தொடர்ந்து வரும் படம் முதற் படத்துக்கு ஈடாகுமா என்னும் வினாவைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் இவ்வினாவை வேறோர் உருவத்தில் நான் ஆண்டுதோறும் சந்திக்கின்றேன். கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் படித்து வெளியேறிய வகுப்பிலே, சில ஆண்டுகளின் பின் அவன் தம்பி வந்து அமர்கின்றான். "உன் அண்ணன் இப்படி இல்லையே!" என்று ஆசிரியர் சொல்கின்றார். தம்பி செய்த குற்றம் பின்னாற் பிறந்தமை ஒன்றே. அவன் தனக்கென ஒரு திறமை உடையவனாக இருக்கலாம். அதைக் காண்பதற்கு முன்னரே நாம் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். ஆயினும், அந்தத் தம்பியே அண்ணனின் பழைய கொப்பிகளை எடுத்து, அவற்றைப் பார்த்தெழுதி, அண்ணன் பெற்ற புள்ளிகளைத் தானும் பெற எண்ணுவானாயின் அப்போது ஆசிரியர் கூறுவதில் நியாயம் உண்டு. தொடர் படங்களுள்ளும் இவ்விருவகைத் தம்பியரும் இருக்கின்றனர்.

பார்த்தெழுதும் தம்பிக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய 'ஜோஸ்' என்னும் அமெரிக்கப் படம் உலகெங்கும் பெருவெற்றி பெற்றது. கடற்கரை ஊரொன்றை அச்சுறுத்தும் சுறாமீனைப் பற்றியது அக்கதை. படப்பிடிப்பின்போது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதடைந்தமையால், நெறியாளர் அதனை நெடுநேரம் காட்டாமலே கதையை நடத்தினார். கண்ணுக்குப் புலப்படாத ஒன்று நீரின் கீழ் இருக்கின்றது என்னும் எண்ணமே மக்களை நடுங்கச் செய்தது. பின்னர் 1978, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொடர் படங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றையேனும் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்தவில்லை. மூன்றிலும் சுறா வந்தது; ஆனால் அந்த அச்சம் வரவில்லை. வருவது இன்னதென முன்னரே அறிந்தவரை எங்ஙனம் நடுங்கவைப்பது? முதற் படத்தின் விளைவை வேண்டினார்களேயன்றி, அவ்விளைவைத் தந்த காரணத்தை அவர்கள் தேடவில்லை. இது கதை தொடர்தல் அன்று, கதை திரும்புதல்.

எனினும், ஒரு கதை முடிந்த இடத்தில் இன்னொன்று தொடங்குவது தன்னளவிற் குறைபாடுடைய செயல் அன்று. தமிழறிந்தோர்க்கு இது புதிதுமன்று. சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை பிறந்தது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதை அது. சிலம்பின் வழக்கையும் மதுரையின் தீயையும் மணிமேகலை மீண்டும் பாட முற்படவில்லை. அத்தனை துயரின் பின்னர் எஞ்சியிருக்கும் பெண்மகள் தன் வாழ்வை எவ்வழியிற் செலுத்துவாள் என்று அது வினவிற்று. அதனாலேதான் இரண்டையும் இரட்டைக் காப்பியம் என்கின்றோம். ஒன்றை மற்றதன் நிழல் என்று கூறுவதில்லை.

திரைப்படத்தில் இத்தகைய தொடர்ச்சிக்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று, வங்காள நெறியாளர் சத்தியஜித் ராயின் 'அபு' படங்கள் மூன்றுமாம். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் இரு நாவல்களிலிருந்து எழுந்தவை அவை. முதற் படமாகிய 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளிவந்தது. விளம்பர நிறுவனம் ஒன்றிற் சித்திரக்காரராகப் பணியாற்றிய ராய்க்கு அதுவே முதல் முயற்சி. பணமின்றிப் படப்பிடிப்பு இடையிடையே நின்றது. மேற்கு வங்க அரசின் உதவியோடு படம் நிறைவேறி, 1956இற் கான் திரைப்பட விழாவிற் சிறந்த மனித ஆவணம் என்னும் விருதைப் பெற்றது.

அப்படத்தின் கதை எளியது. கிராமத்து ஏழைப் புரோகிதர் ஒருவரின் வீடு. அவர் மனைவி சர்வஜயா. துர்க்கா, அபு என்னும் இரு பிள்ளைகள். மழையில் நனைந்த துர்க்கா காய்ச்சலில் இறக்கின்றாள். வெளியூர் சென்ற தந்தை, மகளுக்கென்று வாங்கிய சேலையோடு திரும்புகின்றார். ஈற்றில் அக்குடும்பம் வீட்டைத் துறந்து மாட்டுவண்டியிற் காசிக்குப் புறப்படுகின்றது. பல்கலைக்கழகத்திற் படித்த நாளில் இப்படத்தை முதன்முறை பார்த்துவிட்டு நான் அன்றிரவு யாரோடும் பேசவில்லை. இதற்குப் பின்னர் இவர் எதைக் காட்டினாலும் இதற்கு ஈடாகாது என்றே அன்று எண்ணினேன்.

முதலில் மூன்று படங்கள் எடுக்கும் எண்ணம் ராய்க்கு இருக்கவில்லை. ஆயினும் 1956இல் 'அபராஜிதோ' என்னும் இரண்டாம் படம் வந்தது. இதில் மற்றொரு துர்க்காவைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். காசியிலே தந்தை இறக்கின்றார். தாய் செல்வர் வீட்டிற் சமையல் வேலை செய்கின்றாள். பின்னர் மகனோடு உறவினர் ஒருவரின் கிராமத்துக்குச் செல்கின்றாள். மகன் புரோகிதத் தொழிலைக் கற்கின்றான்; ஆனாற் பள்ளிக்கூடம் செல்ல விரும்புகின்றான். அங்கே ஒரு தலைமையாசிரியர் அவன் அறிவைக் கண்டு, உலகத்தைப் பற்றிய நூல்களை அவன் கையிற் கொடுக்கின்றார். அபு புலமைப்பரிசில் பெற்று, ஒரு சிறிய பூகோள உருண்டையோடு கல்கத்தாவுக்குப் படிக்கச் செல்கின்றான். பகலிற் கல்லூரி, இரவில் அச்சகத்து வேலை. தாய் தனியே இருக்கின்றாள்.

விடுமுறை முடிந்து திரும்பும் நாளிலே, நிலையம்வரை சென்ற அபு, புகையிரதத்தைப் போகவிட்டுத் தாயிடம் திரும்பி வந்து, வண்டி தவறிவிட்டது என்று சொல்லும் ஒரு காட்சி உண்டு. அந்தப் பொய்யினால் அவளுக்குக் கிடைத்தது மேலும் ஒரு நாள். அதன்பின் அவன் வருகை அருகுகின்றது. நோயுற்ற தாய், மகனின் பரீட்சை கெடுமென்று அதனை அவனுக்கு எழுதவில்லை. மரத்தடியில் அமர்ந்து, தொலைவிற் செல்லும் புகையிரதத்தைப் பார்த்திருக்கின்றாள். மகன் வந்துசேரும்போது அவள் இல்லை.

இங்கே அந்தப் புகையிரதத்தைச் சிறிது கவனியுங்கள். முதற் படத்தில், வெண்ணிறப் பூப்பூத்த நாணற் புதர்களினூடே ஓடிச் சென்று அபு கண்ட அதிசயம் அது. இரண்டாம் படத்தில் அதே புகையிரதமே அவனைத் தாயிடமிருந்து பிரித்துச் செல்கின்றது. 1959இல் வந்த மூன்றாம் படமாகிய 'அபூர் சன்சாரில்', இருப்புப்பாதை அருகே ஒண்டுக் குடித்தனம் நடத்தும் அவனுக்கு அது ஓயாத இரைச்சலாகின்றது; மனைவி இறந்தபின், உயிரை மாய்க்க எண்ணி அவன் நாடும் இடமும் அப்பாதையே. பொருள் ஒன்றுதான், மனிதன் வளர வளர அதன் கருத்து மாறிக்கொண்டே போகின்றது. முதற் படத்தின் ஓர் அதிசயத்தை எடுத்து, அதனை மறுபடியும் அதிசயமாகக் காட்டாமல், வாழ்வு அதனை என்ன செய்தது என்று காட்டுவதே உண்மையான தொடர்ச்சி.

'அபராஜிதோ' வங்காளத்தில் முதற் படத்தைப் போல் ஓடவில்லை. தாயின் பாசம் தளையாகத் தோன்றுவதையும், மகன் அதினின்று விலகுவதையும் அத்துணை வெளிப்படையாகக் காட்டியது பலருக்கு உறுத்தியது. ஆனால் அதே படம் 1957இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தலைமை விருதாகிய தங்கச் சிங்கத்தைப் பெற்றது. விருது பெற்றமையால் மக்கள் தவறிழைத்தனர் என்று நான் வாதாடவில்லை. முதற் படம் நம்மை அழவைத்து ஆறுதலும் தருகின்றது. வறுமையும் நோயும் செய்த கொடுமைக்கு நாம் பொறுப்பல்லர் என்று எண்ணி எழுந்து செல்லலாம். இரண்டாம் படம் அந்த ஆறுதலைத் தரவில்லை. அங்கே கொடியவர் எவருமிலர். படிக்க விரும்பிய பிள்ளை, போகவிட்ட தாய், நல்லெண்ணமுடைய ஆசிரியர் ஆகிய மூவரும் நல்லவற்றையே செய்தனர். அவற்றின் விலையைத் தாயொருத்தியே செலுத்தினாள்.

இளமையிற் பார்த்தபோது இது எனக்கு விளங்கவில்லை. பின்னாளில், நான் பணியாற்றிய ஒரு கிராமத்துப் பாடசாலையிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற மாணவனை எல்லாரும் கொண்டாடினோம். மாலை போட்டோம், படம் எடுத்துச் சுவரில் மாட்டினோம். சில ஆண்டுகளின் பின் ஒரு நாள் அவன் தாயார் பாடசாலை வாயிலில் நின்றார். ஏதோ கடிதம் வாசித்துத் தரவேண்டுமென்று வந்தவர், போகும்போது திரும்பி, "ஐயா, உங்களுக்கெண்டாலும் பிள்ளை ரெலிபோன் எடுத்தவனோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "அங்கே வேலை அதிகம் அம்மா" என்றேன். அன்றிரவு 'அபராஜிதோ'வை மறுபடியும் பார்த்தேன். அப்படத்துத் தலைமையாசிரியரைப் பார்த்தபோது, அவர் இருக்கையில் நான் இருப்பதைக் கண்டேன். அவர் செய்தது பிழையன்று. நானும் அதனையே மீண்டும் செய்வேன். ஆனால், ஒரு பிள்ளையை அனுப்பி வைக்கும் நாளில், "அம்மாவுக்குக் கிழமைதோறும் பேசு" என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை அன்று தொடங்கினேன். முதற் படம் என் மனத்தை உருக்கியது. இரண்டாம் படமோ என் நடத்தையில் ஒன்றை மாற்றியது. இரண்டில் எது பெரிது என்று யான் எப்படிச் சொல்வேன்?

நம் நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலாகிய 'கம்பெரலிய'வை 1963இற் படமாக்கினார். 1965இற் புதுடில்லித் திரைப்பட விழாவில் அது தங்க மயில் விருதைப் பெற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1980களின் தொடக்கத்தில், அதன் தொடர்ச்சியாகிய 'கலியுகய'வையும், பின் 'யுகாந்தய'வையும் எடுத்தார். 'கம்பெரலிய'வில் இளையோராகத் தோன்றிய புண்யா ஹீந்தெனியவும் ஹென்றி ஜயசேனவும், உண்மையாகவே முதிர்ந்த முகத்தோடு, அதே நந்தாவாகவும் பியலாகவும் 'கலியுகய'வில் வந்தனர். கிராமத்தை விட்டு நகரிற் செல்வம் தேடிய அவர்களுக்கு, பிரிந்துபோன மகனிடமிருந்து வரும் கடிதமே அப்படத்தின் நடுநாயகம். இங்கும் பழைய கதை திரும்பவில்லை. காலம் அதன்மேல் ஏறி நடந்திருக்கின்றது.

அமெரிக்காவிலும் அங்ஙனமே. 1972இல் வந்த 'கோட்பாதர்' படத்தின் இரண்டாம் பாகம் 1974இல் வந்து, முதற் பாகத்தைப் போலவே சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. தொடர் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. குடும்பத்தைக் காக்கவென்று அதிகாரத்தைக் கைக்கொண்ட மகன், அந்த அதிகாரத்தாலேயே தன் குடும்பத்தை இழப்பதை அது காட்டிற்று.

ஆகவே நேயர்களே, தொடர் படம் முதற் படத்துக்கு ஈடாகுமா என்ற வினாவுக்கு என் விடை இது: முதற் படம் தந்த இன்பத்தை மறுபடியும் தர முயலும் படம் பெரும்பாலும் ஈடாகாது, ஏனெனில் அந்த இன்பத்தின் பாதி அதன் புதுமை. முதற் படம் விட்டுச்சென்ற மனிதர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று உண்மையாக வினவும் படம் ஈடாகும். சிலவேளை மிஞ்சியும் நிற்கும். பார்ப்போராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. "முன்னையது போலவே வேண்டும்" என்று நாம் கேட்கும்வரை, முன்னையதன் நகலையே நமக்கு விற்பார்கள். அடுத்த முறை இரண்டாம் பாகம் ஒன்றைப் பார்க்க அமரும்போது, அண்ணனின் கொப்பியை ஒருபுறம் வைத்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்ப்போம். அவன் தனக்கென ஒன்றைச் சொல்லவந்தானா என்று மட்டும் கேட்போம்.